கண்ணாடி இழையும் காற்றும் கடனும்
(ஒரு குடும்பத் தொழிலின் வரலாறு)

சாத்தாரா நகரிலிருந்து சஜ்ஜன்கட் கோட்டையையும் தோசேகர் அருவியையும் கடந்து மலைமேல் ஏறினால், சால்கேவாடி என்னும் சிற்றூரை ஒட்டி அகன்றதொரு மேட்டுநிலம் விரிகின்றது. மழைக்காலத்து விடுமுறை நாள்களில் புனேயிலிருந்து குடும்பத்தோடு புறப்பட்டு அம்மேட்டுநிலத்தைக் கண்டு வந்தோர் நம்முள் பலர் இருப்பர். மூடுபனிக்கு நடுவே வரிசை வரிசையாக நின்று சுழலும் காற்றாலைகளைக் கண்டதும், நம்மவருள் நாஞ்சில் நாட்டாரும் நெல்லைச் சீமையாரும் ஆரல்வாய்மொழியை நினைத்துக்கொள்ளாமல் இரார். பிறந்த மண்ணை விட்டு நெடுந்தொலைவு வந்து வாழ்வோர்க்கு, வந்த இடத்தில் ஊரின் சாயல் ஒன்று எதிர்ப்படுவது தனி மகிழ்ச்சியன்றோ!

அச்சாயல் வெறும் தோற்றத்தால் வந்ததன்று. சாத்தாரா மலைமேலும், நம் முப்பந்தல், சங்கனேரி வெளிகளிலும் நிற்கும் காற்றாலைகளுள் கணிசமானவை ஒரே நிறுவனத்தார் செய்தவை. அந்நிறுவனத்தின் தலைமையகம் நாம் நாள்தோறும் கடந்து செல்லும் ஹடப்சரில் உள்ளது. சுஸ்லான் என்பது அதன் பெயர். குஜராத்தினின்றும் வந்த தாந்தி குடும்பத்துச் சகோதரர் நால்வர் 1995ஆம் ஆண்டில் அதனைத் தொடங்கினர். கண்ணாடி இழையால் இறக்கை செய்து, அவ்விறக்கையால் உயர்ந்து, அவ்விறக்கையில் விழுந்த வெடிப்பாலும் அளவிறந்த கடனாலும் தாழ்ந்து, மீண்டும் நிமிர்ந்த வரலாறு அதனுடையது. பிழைப்பின் பொருட்டு இந்நகர் வந்த நாம், நம்மைப் போலவே வந்தேறிய ஒரு குடும்பத்தின் ஏற்றத்தாழ்வை அறிந்துகொள்வது பயனுடையது என்று கருதி, அவ்வரலாற்றை ஈண்டுச் சுருங்க உரைக்க முற்படுகின்றோம்.

கண்ணாடி இழை என்னும் பொருள்

முதலில் பொருளைப் பற்றிச் சிறிது காண்போம். கைதவறினால் உடையும் கண்ணாடி, எங்ஙனம் புயலைத் தாங்கும் இறக்கை ஆகின்றது?

மணலையும் சுண்ணாம்புக் கல்லையும் பிற தாதுக்களையும் கலந்து, 1,400 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில் உருக்குகின்றனர். அவ்வுருகலைப் பிளாட்டினக் கலவைத் தட்டிலுள்ள நுண்துளைகளின் வழியே விரைந்து இழுக்கும்போது, தலைமயிரினும் மெல்லிய இழைகள் பிறக்கின்றன. தடித்த கண்ணாடியின் மேற்பரப்பில் கண்ணுக்குப் புலனாகாத கீறல்கள் இருத்தலால் அது எளிதில் உடைகின்றது. மெல்லிய இழையில் அத்தகைய கீறலுக்கு இடம் மிகக் குறைவு. ஆதலின் எடைக்கு எடை நோக்கினால் அது எஃகையும் வெல்லும் உறுதி பெறுகின்றது. அவ்விழையைத் துணியாக நெய்து, பிசினில் தோய்த்து, அச்சில் படுக்கவைத்து இறுகச் செய்தால், வேண்டிய வடிவில் இலேசானதும் துருப்பிடிக்காததுமான பொருள் கிடைக்கின்றது. இழை வலிமை தருகின்றது. பிசின் வடிவம் தருகின்றது. இரண்டில் ஒன்று தனித்து நின்று யாதும் செய்ய இயலாது.

1932ஆம் ஆண்டில், அமெரிக்காவின் ஓவன்ஸ்-இல்லினாய் கண்ணாடி நிறுவனத்தில் டேல் கிளைஸ்ட் என்னும் இளைஞர், கண்ணாடிக் கட்டிகளை ஒன்றோடொன்று ஒட்டவைக்க முயன்றார். வேகமாக வீசிய காற்று, உருகிய கண்ணாடியை மெல்லிய இழைகளாகச் சிதறடித்தது. தவறிப் பிறந்த அவ்விழையே ஒரு பெருந்தொழிலுக்கு வித்தாயிற்று. 1938இல் ஓவன்ஸ்-கார்னிங் என்னும் தனி நிறுவனம் அதற்கென எழுந்தது. காற்றால் பிறந்த இழை பின்னாளில் காற்றையே பிடிக்கப் பயன்பட்டது வியப்பன்றோ! 1950களின் இறுதியில் தென்ஜெர்மனியில் உல்ரிச் ஹூட்டர் என்னும் அறிஞர் 34 மீட்டர் விட்டமும் 100 கிலோவாட் ஆற்றலும் உடைய காற்றாலை ஒன்றை நிறுவி, அதன் இறக்கைகளைக் கண்ணாடி இழையால் அமைத்தார். பிற்காலத்துக் காற்றாலைகளுக்கெல்லாம் அது முன்னோடி.

நம் தமிழ்நாட்டுக் கடற்கரையிலும் இப்பொருள் புதியதன்று. கட்டுமரமும் மரவள்ளமும் இருந்த இடத்தில் 'ஃபைபர் படகு' வந்து நிலைபெற்றுவிட்டது. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின்னர் உதவியாக வழங்கப்பெற்ற படகுகளில் மிகப் பல இவ்வகையினவே. மீனவனுக்குக் கடலில் மிதக்க உதவியது போலவே, இவ்வரலாற்றின் நாயகர்க்கு வானில் சுழல உதவிற்று கண்ணாடி இழை.

நெசவிலிருந்து காற்றுக்கு

துல்சி தாந்தி 1958ஆம் ஆண்டில் ராஜ்கோட்டில் பிறந்தவர். வணிகவியலும் இயந்திரத் தொழிற்கல்வியும் பயின்றவர். வினோத், ஜிதேந்திரா, கிரீஷ் என்போர் இவருடைய தம்பியர். அந்நாளில் குடும்பத்தார் சூரத்தில் துணித்தொழில் நடத்தி வந்தனர். அத்தொழிலில் அவரை வாட்டியது மின்சாரம். கட்டணமோ அதிகம், வரத்தோ நிலையற்றது. மின்வெட்டால் தறி நின்றால் கூலியும் வட்டியும் நிற்பதில்லை என்பதைக் கோவை, திருப்பூர்ப் பகுதிகளிலிருந்து வந்துள்ள நம்மவர்க்கு எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை.

1990களின் தொடக்கத்தில் தாந்தி தம் ஆலையின் தேவைக்காக இரண்டு காற்றாலைகளை வாங்கி நிறுத்தினார். வாங்கிய பின்னரே தொல்லை தெரிந்தது. இயந்திரத்தை விற்றவர், விற்றதோடு ஒதுங்கிக்கொண்டனர். நிலம் தேடுதல், இசைவு பெறுதல், கம்பி இழுத்தல், பழுது பார்த்தல் ஆகிய யாவும் வாங்கியவர் தலைமேல் விழுந்தன. பிறிதொருவர் இதனைக் குறையென்று நொந்துகொண்டு விட்டிருப்பர். தாந்தி இக்குறையிலேயே ஒரு தொழிலைக் கண்டார். நூல் நூற்கவும் துணி நெய்யவும் அறிந்த முதலாளி, காற்றின் போக்கையும் மின்வாரியத்தின் விதிகளையும் ஏன் கற்க வேண்டும்? நிலம் தேர்தல் முதல் இருபது ஆண்டுப் பராமரிப்பு வரை அனைத்தையும் ஒருவரே ஏற்றுக்கொண்டால் எத்தனையோ ஆலையினர் காற்றாலை வைக்க முன்வருவரல்லவா?

இவ்வெண்ணத்தோடு, ஏறத்தாழ இருபது பேரைக் கொண்டு, 1995இல் சுஸ்லான் தொடங்கிற்று. அப்பெயர்க்கு ஒரு விளக்கம் சொல்வதுண்டு. 'சூஜ்-பூஜ்' என்றால் குஜராத்தியில் நுண்ணறிவு. அதன் முற்பகுதியோடு வங்கியில் பெறும் 'லோன்' சேர்ந்து சுஸ்லான் ஆயிற்றாம். அறிவும் கடனும் கூடிய பெயர்! வேடிக்கையாகத் தோன்றும் இவ்விளக்கம், பின்னர் நிகழ்ந்தவற்றை நோக்குங்கால் குறிசொன்னது போல் அமைந்துவிட்டது.

காலமும் துணை நின்றது. 1986ஆம் ஆண்டிலேயே தூத்துக்குடி, குஜராத்தின் ஓகா முதலிய கடற்கரைகளில் அரசினர் மாதிரிக் காற்றாலைப் பண்ணைகளை நிறுவியிருந்தனர். காற்றாலைக்கு இட்ட முதல் முழுவதையும் முதலாண்டிலேயே தேய்மானமாகக் கழித்து வரி குறைத்துக்கொள்ள 1990களில் அரசு இடமளித்தது. அதனால் இலாபம் மிகுந்த ஆலையினர் பலர் காற்றாலை வாங்கினர். பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழிக் கணவாய்களின் வழியே தென்மேற்குப் பருவக்காற்று பாய்ந்து வரும் தமிழகம் இதில் முன்னணியில் நின்றது. ஆனால் காற்றுக்காக அன்றி வரிக்காகவே நிறுத்தப்பட்டவை சில சரிவரச் சுழலாமல் நின்ற காட்சியையும் நம் நாடு கண்டது. வரிச்சலுகையின் பயன் குறைந்ததும் அக்காலத்து நிறுவனங்கள் பல தளர்ந்தன. அத்தளர்ச்சிக் காலத்தில் சுஸ்லான் காலூன்றியது என்பது கருதத்தக்கது. விற்றுவிட்டு ஒதுங்காமல், விற்றதைச் சுழலச்செய்யும் பொறுப்பையும் ஏற்றதே இதற்குக் காரணம் எனலாம்.

இறக்கையைத் தாமே செய்தல்

தொடக்கத்தில் சூட்விண்ட் என்னும் ஜெர்மானிய நிறுவனத்தின் தொழில்நுட்பத்தைப் பெற்றே சுஸ்லான் காற்றாலைகளை அமைத்தது. அந்நிறுவனம் நொடித்தபோது, தாந்தி அதன் பொறியாளர்களைத் தம்மிடம் அமர்த்திக்கொண்டு, ஜெர்மனியிலேயே ஆராய்ச்சி நிலையம் ஏற்படுத்தினார். நெதர்லாந்தில் ஏ.ஈ. ரோட்டார் என்னும் இறக்கை நிறுவனம் நலிந்தபோது அதன் நுட்பத்தையும் வாங்கினார். பிறர் வீழ்ச்சியில் சிதறும் அறிவைத் திரட்டிக்கொள்ளும் திறம் அவரிடம் இருந்தது.

இறக்கைக்கு இத்துணை முதன்மை ஏன்? காற்றாலை பிடிக்கும் ஆற்றல், இறக்கை சுழலும் வட்டத்தின் பரப்பைப் பொறுத்தது. இறக்கையின் நீளம் இருமடங்கானால் ஆற்றல் நான்கு மடங்காகும். ஆனால் அதே வடிவில் நீட்டினால் எடையோ எட்டு மடங்கை நோக்கி ஏறும். ஆகவே நீளம் கூடவும் எடை கூடாதிருக்கவும் வேண்டும். இக்கலையைக் கைக்கொண்டவரே காற்றாலைத் தொழிலில் முந்துவர்.

இறக்கை செய்யும் கூடத்தில், கவிழ்த்த படகைப் பிளந்தாற்போல் இரண்டு நீண்ட அச்சுகள் கிடக்கும். கண்ணாடி இழைத் துணியை அடுக்கடுக்காக, மடிப்போ சுருக்கமோ விழாவண்ணம் தொழிலாளர் கையால் விரிப்பர். நடுநடுவே பால்சா என்னும் இலேசான மரத்துண்டுகளையும் நுரைப்பலகைகளையும் பொருத்துவர். மேலே பிளாஸ்டிக் தாளை மூடி, உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, எப்பாக்சிப் பிசினை உட்செலுத்துவர். வெற்றிடம் பிசினை இழைதோறும் இழுத்துக்கொண்டு செல்லும். சூடேற்றி இறுகவைத்த பின் இரு பாதிகளையும், உள்ளே தூண்போல் நிற்கும் தாங்கிகளையும் பசையிட்டு ஒட்டுவர். பின்னர்த் தேய்த்து, வண்ணம் பூசி, மூன்று இறக்கையும் நிறையால் ஒத்திருக்கின்றனவா என்று தூக்கிப் பார்ப்பர். ஒரு சுருக்கம், ஒரு காற்றுக்குமிழ், ஓரிடத்தில் பசைக் குறைவு – இவற்றில் ஏதேனும் ஒன்று பல ஆண்டுகட்குப் பின்னர் வெடிப்பாக வெளிப்படலாம். ஏனெனில் இருபது ஆண்டு வாழ்வில் இறக்கை பத்துக் கோடி முறைக்கு மேல் சுழல்கின்றது. ஒவ்வொரு சுழற்சியிலும் அதன் எடையே அதனை ஒருமுறை இப்புறமும் ஒருமுறை அப்புறமும் வளைக்கின்றது. இயந்திரங்கள் எத்துணை வந்தும், இத்தொழிலின் உயிர் இன்னமும் தொழிலாளியின் விரல்நுனியில் உள்ளது.

தாமனிலும் புதுச்சேரியிலும் பிற இடங்களிலும் ஆலைகள் எழுந்தன. புனேயை அடுத்த சாக்கனில் மின்னாக்கிகளும், கோவையில் வார்ப்பு உறுப்புகளும் செய்யும் நிலையங்கள் அமைந்தன. சுஸ்லான் தன் காற்றாலைகட்குச் சுழல் வட்டத்தின் விட்டத்தையே பெயராக இடுவது வழக்கம். ஆகவே அவற்றின் பெயர்களை அடுக்கினாலே வளர்ச்சி விளங்கும். 350 கிலோவாட் ஆற்றலுடைய பழைய காற்றாலையின் விட்டம் 33 மீட்டர் அளவு. பின்னர் 64, 66, 88, 97, 111, 120 என்று ஏறி, 2023இல் 144ஐ எட்டிற்று. அதன் ஆற்றல் 3 மெகாவாட்டுக்கும் மேல். சாத்தாரா மலைமேல் நாம் காணும் பழைய காற்றாலையின் இறக்கை ஒரு தென்னைமர நீளம். புதியதன் இறக்கை திருவிழாத் தேர் பலவற்றை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினாற்போன்ற நீளம்.

உச்சியில் நின்ற ஆண்டுகள்

2001ஐ ஒட்டித் துணித்தொழிலைக் கைவிட்டுக் குடும்பம் முழுமூச்சாகக் காற்றில் இறங்கியது. 2005ஆம் ஆண்டில் சுஸ்லானின் பங்குகள் பொதுமக்களுக்கு விற்கப்பட்டன. விற்ற பின்னும் மூன்றில் இரண்டு பங்கிற்கும் மேல் குடும்பத்தாரிடமே இருந்தது. செல்வம் குவிந்தது, உலகத்துச் செல்வர் வரிசையில் துல்சி தாந்தியின் பெயர் ஏறிற்று. உலகின் பெருங்காற்றாலை நிறுவனங்களுள் ஒன்றாகச் சுஸ்லான் எண்ணப்பட்டது. ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு 2009இல் அவருக்குப் 'புவியின் வீரர்' என்னும் பொருள்படும் விருதினை அளித்துப் பாராட்டியது. ஹடப்சரில் மரங்களும் நீர்நிலைகளும் சூழ, 'ஒன் எர்த்' என்னும் தலைமையகம் எழுந்தது. கதிரொளியாலும் காற்றாலும் தனக்கு வேண்டிய மின்சாரத்தின் ஒரு பகுதியைத் தானே ஆக்கிக்கொள்ளும் அவ்வளாகத்தை வடிவமைத்தவர், புனேயையே தம் ஊராக்கிக்கொண்ட கட்டடக் கலைஞர் கிறிஸ்டபர் பெனிங்கர்.

காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்பது நம் முன்னோர் மொழி. தாந்தி தூற்றினார், ஆனால் இரவல் முறத்தால் தூற்றினார். 2006இல் பெல்ஜிய நாட்டுப் பற்சக்கரப்பெட்டி நிறுவனமாகிய ஹான்சனை 46.5 கோடி யூரோ கொடுத்து வாங்கினார். 2007இல் ஜெர்மனியின் ரீபவர் நிறுவனத்திற்காகப் பிரெஞ்சு நிறுவனமாகிய அரேவாவுடன் ஏலப்போட்டி நிகழ்ந்தது. விலை ஏறி ஏறிப் பங்கொன்றுக்கு 150 யூரோவில் நின்றது, அரேவா விலகிக்கொண்டது. இந்திய நிறுவனம் ஒன்று ஐரோப்பியத் தொழிலை வென்றதென்று நாடே பெருமிதம் கொண்டது. அவ்வெற்றியின் விலை பெரும்பாலும் கடன் என்பதை அன்று எண்ணிப் பார்த்தவர் சிலரே.

வெடிப்பு

இந்நிலையில், உயர்த்திய இறக்கையே தாழ்த்தவும் முற்பட்டது. அமெரிக்காவின் நடுமேற்குச் சமவெளியில் நிறுத்தப்பட்ட 88 மீட்டர் விட்டக் காற்றாலைகளின் இறக்கைகள் சிலவற்றில் வெடிப்புகள் காணப்பட்டன. அப்பகுதியில் காற்று திடீர் திடீரென்று திசையும் வேகமும் மாறுவதே காரணம் என்று நிறுவனத்தார் கூறினர். காரணம் எதுவாயினும் பொறுப்பு அவர்களுடையது. 2008இல் 1,251 இறக்கைகளை இறக்கி வலுவூட்டுவதாகச் சுஸ்லான் அறிவித்தது. அவ்வாண்டு அக்டோபரில் இல்லினாய் மாநிலத்தில் ஓர் இறக்கை முறிந்து கீழே விழுந்தது. உயிர்ச்சேதம் இல்லை, ஆயினும் பெயர்ச்சேதம் பெரிது. வாங்குவோர் தயங்கினர்.

இதே வேளையில் அமெரிக்காவில் தோன்றிய வங்கி நெருக்கடி உலகெங்கும் பரவிற்று. காற்றாலை வாங்குவோர்க்குக் கடன் கிடைக்கவில்லை. விற்போர் வாங்கிய கடனுக்கோ வட்டி நிற்கவில்லை. ஹான்சனின் பங்குகள் சிறிது சிறிதாக விற்கப்பட்டன. 2012 அக்டோபரில், அயல்நாட்டில் விற்றிருந்த 20 கோடி டாலருக்கு மேற்பட்ட கடன் பத்திரங்களுக்குப் பணம் தர இயலாமற் போயிற்று. அதுகாறும் இந்திய நிறுவனம் எதுவும் அத்துணைப் பெருந்தொகைக்கு இத்தகைய பத்திரத்தில் தவறியதில்லை. ஏறத்தாழ 9,500 கோடி ரூபாய் உள்நாட்டுக் கடனை வங்கிகள் சீரமைத்துத் தவணையை நீட்டின. அவ்வாண்டிலேயே விரைவுத் தேய்மானச் சலுகையும் நிறுத்தப்பட்டது. 2014இல் அது மீண்டும் வந்தது.

2015ஆம் ஆண்டில், ஏலத்தில் வென்று வந்த ரீபவரை – அப்போது அதன் பெயர் சென்வியான் – 100 கோடி யூரோவுக்கு விற்றுவிட்டனர். எவ்வளவு ஆசையோடு கொண்ட அணிகலனும் கடன்காரன் வாயிலில் நிற்குங்கால் அடகுக்கடைக்குச் செல்வது குடும்பங்களில் காண்பதுதானே! வாங்கியவர் கையிலும் அது நிலைக்கவில்லை. 2019இல் சென்வியான் நொடித்தது. சன் பார்மாவின் திலீப் சாங்வியும் அவரைச் சார்ந்தோரும் 2015இல் 1,800 கோடி ரூபாய் இட்டுப் பங்கு பெற்றனர். சிறிது மூச்சு வந்தது.

ஆனால் 2017இல் காற்று மின்சாரத்தின் விலையை அரசு வகுக்கும் முறை மாறி, ஏலமுறை வந்தது. அவ்வாண்டு பிப்ரவரியில் யூனிட் 3.46 ரூபாயாக இருந்த ஏலவிலை, டிசம்பரில் 2.43 ரூபாயாக இறங்கிற்று. மின்சாரம் மலிந்தது நாட்டுக்கு நன்மை. காற்றாலை செய்வோர்க்கு அது நெருப்பாறு. 2019இல் மீண்டும் ஒரு தவணை தவறிற்று. 2020இல் வங்கிகள் கடனை மறுபடியும் சீரமைத்தன. கால் நூற்றாண்டில் இருமுறை விழுந்து எழுந்த நிறுவனம் இனி எழாது என்றே சந்தையில் பலர் கணக்கிட்டனர்.

தலைவரின் மறைவும் தொழிலின் மீட்சியும்

2022ஆம் ஆண்டு கடனைக் குறைக்க 1,200 கோடி ரூபாய்க்குப் புதிய பங்குகளைப் பழைய பங்குதாரர்களுக்கே விற்கச் சுஸ்லான் முடிவு செய்தது. பங்கு விலை 5 ரூபாய். அதன்பொருட்டு அகமதாபாத்தில் நிகழ்ந்த கூட்டங்களில் கலந்துகொண்டு, அக்டோபர் 1ஆம் நாள் புனே திரும்பிய துல்சி தாந்தி, மாரடைப்பால் காலமானார். அகவை 64. பங்கு வெளியீடு தொடங்கப் பத்து நாள்களே இருந்தன.

குடும்பத்தாருக்குத் துக்கம் காக்கவும் பொழுதில்லை. தம்பி வினோத் தாந்தி தலைவர் பொறுப்பை ஏற்றார். கிரீஷ் துணைத்தலைவராக நின்றார். குறித்த நாளில் வெளியீடு நிகழ்ந்தது, பணமும் சேர்ந்தது. 2023 ஆகஸ்டில் மேலும் 2,000 கோடி ரூபாய் திரட்டிப் பெருங்கடனை அடைத்தனர். 2024இல் 'ஒன் எர்த்' வளாகத்தை 440 கோடி ரூபாய்க்கு விற்று, அதிலேயே வாடகைக்கு அமர்ந்தனர். கட்டிய வீட்டை விற்று அவ்வீட்டிலேயே குடியிருப்பது எளிய மனத்தார்க்கு இயல்வதன்று. வீடு போயினும் பட்டறை நிற்க வேண்டும் என்று துணிந்தவர்க்கே அது கூடும்.

இங்ஙனம் தொழில் நின்றது; ஆனால் எவருடையதாய் நின்றது? 2005இல் மூன்றில் இரண்டிற்கு மேல் இருந்த குடும்பப் பங்கு, 2023 இறுதியில் ஏழில் ஒன்றுக்கும் குறைந்துவிட்டது. ஒவ்வொரு மீட்சியின்போதும் அவர்கள் தம் உரிமையின் ஒரு பகுதியைக் கொடுத்தே தொழிலைக் காத்தனர். குடும்பத் தொழில்கள் பல அழிவதற்குக் காரணம், பங்கை விடாமல் பற்றிக்கொண்டு தொழிலை விட்டுவிடுவதே. இவர்கள் அதனை மாற்றிச் செய்தனர். நாம் இவ்வரலாற்றினின்று பெறும் தலையாய செய்தி இதுவே என்று கருதுகின்றோம்.

நிற்கும் வினாக்கள்

புகழ்ச்சி மட்டும் உரைத்து முடிப்பது வரலாறு ஆகாது. கடன் சீரமைப்பில் வங்கிகள் விட்டுக்கொடுத்தவை பெரும்பாலும் பொதுமக்களின் வைப்புப் பணம். உச்சியில் பங்கு வாங்கிய சிறு சேமிப்பாளர்கள் தம் பணத்தின் பெரும்பகுதியை இழந்தனர். அவர்களுள் நம்மவரும் இருந்திருப்பர். தலைவரின் துணிவுக்கு விலை கொடுத்தவர் தலைவர் மட்டும் அல்லர்.

கண்ணாடி இழைக்கும் ஒரு குறை உண்டு. இறுகிய பிசினை மீண்டும் உருக்க இயலாது. இரும்பைப் போல் பழைய விலைக்குப் போடவும் முடியாது. 1990களில் முப்பந்தலிலும் பிற இடங்களிலும் நிறுத்திய சிறு காற்றாலைகளைக் கழற்றிப் பெரியவற்றை அமைக்கும் காலம் வந்துவிட்டது. கழற்றிய இறக்கைகளை என் செய்வது? ஐரோப்பாவில் அவற்றை அரைத்துச் சிமெண்டுச் சூளைக்கு இடுகின்றனர். உருக்கத்தக்க புதுப் பிசின்களையும் ஆராய்கின்றனர். அழியாத பொருளைச் செய்தவர், அது ஓய்ந்த பின்னர் செல்லுமிடத்தையும் வகுத்தாக வேண்டும்.

நம் நகர்க்கு வந்தோர்

வள்ளுவர் ஊழுக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். சுஸ்லானின் வரலாற்றில் எது ஊழ், எது ஆள்வினை என்று பிரித்தறிவது எளிதன்று. காற்று வீசியது ஊழ்; அதனைப் பிடித்தது ஆள்வினை. உலக நெருக்கடி ஊழ்; அளவுக்கு மீறிக் கடன்பட்டது ஆள்வினையின் பிழை. விழுந்த பின்னர் உள்ளதைக் கொடுத்துத் தொழிலை எழுப்பியதும் ஆள்வினையே.

புனே நகரம் வந்தவரை வாழவைக்கும் நகரம். தாந்தி குடும்பம் குஜராத்திலிருந்து வந்தது. நாம் காவிரிக் கரையிலிருந்தும் பொருநைக் கரையிலிருந்தும் வந்தோம். கிர்க்கியிலும் பிம்பிரியிலும் சாக்கனிலும் நம் தந்தையரும் உடன்பிறந்தாரும் கடைசல் எந்திரத்தின் முன்னும் வரைபலகையின் முன்னும் நின்று உழைத்த உழைப்பும் இந்நகரின் தொழில் வரலாற்றில் இழையாகக் கலந்துள்ளது. சிறு பட்டறை ஒன்றையேனும் சொந்தமாக நடத்துவோரும், நடத்த விழைவோரும் இன்று நம்முள் பலர் உளர். அவர்கள் இவ்வரலாற்றைக் கருத்தில் கொள்வாராக. பிறர் குறையில் தொழிலைக் காணுங்கள், விற்றதோடு ஒதுங்காதீர்கள், கடனை வேகத்திற்கு அன்றித் தேவைக்கு வாங்குங்கள், இடுக்கண் வருங்கால் பெருமையை விட்டுத் தொழிலைப் பற்றுங்கள்.

அடுத்த முறை சாத்தாரா மலைமேல் சென்று, அங்குச் சுழலும் இறக்கையைக் குழந்தைகட்குக் காட்டும்போது, அது வெறுங்காற்றால் சுழல்வதன்று என்று எடுத்துரைப்போம். இழை தனித்து நின்றால் அறும். பிசின் தனித்து நின்றால் உடையும். இரண்டும் கூடினால் புயலையும் தாங்கும். குடும்பமும் அத்தகையது, நம் சங்கமும் அத்தகையது. கூடி வாழ்வோம், வாழ்க தமிழ்!